ஆறரை லிட்டர் எங்கே போனது?

அத்தியாயம் 9

மூக்கு என்று ஒன்றை வைத்துக்கொண்டு நாச்சாரத்தில் துப்புத் துலக்க வரக் கூடாது என்பது, அந்தத் தகரக் கொட்டகைக்குள் கால் வைத்ததுமே பகவதிக்குத் தெரிந்துபோனது.

எட்டுப் பீப்பாய்கள் வரிசையாக நின்றன. ஊரிலுள்ள ஆட்டோவும் லாரியும் குடித்துக் கக்கிய கறுப்பு எண்ணெய் அவற்றில் விளிம்பு வரை தளும்பியது. ஒரு மூலையில் அதைக் காய்ச்சினார்கள். இன்னொரு மூலையில் அமிலம் விட்டு வெளுத்தார்கள். மிஞ்சிய கசடு பின்பக்கச் சாக்கடையில் கெட்டியாக ஊர்ந்து போனது. அதில் விழுந்து எழுந்த நாய் ஒன்று தன் உடம்பைத் தானே நக்கிவிட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது. பகவதி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். காலையில் தின்ற இரண்டு இட்லியும் தொண்டை வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பின.

"ஃப்ரீயா ஸ்டீம் பாத் அக்கா. கொண்டாப்பூர்ல இதுக்கு மெம்பர்ஷிப் கேக்கிறாங்க" என்றான் ரூஃபஸ்.

"வாயை மூடுலே. திறந்தா உள்ள போயிரும்."

பகவதிக்கு நாகர்கோவில். பதினான்கு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்துக் கோப்புகளைத் தோண்டியவள். பொய் சொல்லுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய் வேலையை விட்டாள். விட்டுவிட்டு, பொய் சொல்லுகிறவர்களை மட்டுமே பார்க்க வேண்டிய துப்பறியும் தொழிலுக்கு வந்து சேர்ந்தாள். அவளுடைய உதவியாளன் ரூஃபஸ் மூன்று தலைமுறையாகச் சிகந்திராபாத்தில் வேரூன்றிய தமிழன். தமிழில் ஆரம்பிக்கிற வாக்கியம் அவன் வாயில் எந்த மொழியில் போய் முடியும் என்று கர்த்தருக்கே தெரியாது.

இந்த வழக்கில் நடந்தது இவ்வளவுதான். பதினோரு நாளுக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், ஜீடிமெட்லாவுக்குப் போகிற அகலச் சாலையில், வெங்கட் என்கிற ஐ.டி. மேலாளரின் சிவப்பு நிறப் பெர்ஃபார்மன்ஸ் கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே இஞ்சின் இறுகி நின்றது. கார் சுழன்று ஒரு ஸ்கூட்டரை அடித்துத் தூக்கிப் போட்டது. ஸ்கூட்டரில் மருந்து கம்பெனிக்கு முதல் ஷிப்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பூர்ணா என்ற இருபத்துமூன்று வயதுப் பெண் இன்னும் கண் விழிக்கவில்லை. வெங்கட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

விபத்துக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை, அந்தக் காருக்கு எண்ணெய் மாற்றியவன் சனத்நகர் மெக்கானிக் ஆலன். போலி எண்ணெய் ஊற்றி இஞ்சினைக் கொன்றுவிட்டான் என்று வெங்கட் புகார் கொடுத்தார். நேற்று போலீஸ் ஆலனை அழைத்துப் போய் உட்கார வைத்துவிட்டது. இன்று நான்கு மணிக்குக் கோர்ட். ஆலன் போலி எண்ணெய் வாங்கும் இடத்தைக் கண்டுபிடித்து நிரூபித்துக் கொடுங்கள் என்று பகவதியை அமர்த்தியிருப்பதும் வெங்கட்தான். அந்த வேலையாகத்தான் இந்த நரகத்துக்கு வந்திருந்தார்கள்.

நரகத்தின் சொந்தக்காரி பெயர் கனகவல்லி. கழுத்திலும் கையிலும் தங்கம், காலில் எண்ணெய்ப் பிசுக்கு. சேலத்திலிருந்து வந்து இருபது வருடமாகச் செத்த எண்ணெய்க்கு உயிர் கொடுத்துக் கம்பெனி டப்பாவில் அடைத்து விற்கிறாள்.

"போலீஸா?" என்றாள்.

"நக்கோ, இல்ல. போலீஸ்னா உனக்குப் பயம் கிடையாதுன்னு தெரியும்" என்றான் ரூஃபஸ். "மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸ் நம்பர் வெச்சிருக்கேன். அந்த நாயை போட்டோ எடுத்து அனுப்பட்டா?"

கனகவல்லி இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டாள். துடைத்த துணியைப் பார்த்துவிட்டுப் பகவதி நின்றுகொண்டே பேசினாள்.

"சனத்நகர் ஆலன் உங்ககிட்டதான் எண்ணெய் வாங்குதானா?"

கனகவல்லி கை கொட்டிச் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே கோபமாக மாறியது. "அந்த நாசமாப் போனவனா? என் பொழப்பைக் கெடுக்கவே பொறந்தவன்மா அவன். காலி டப்பா ஒண்ணு எனக்கு வர விடுவானா? கம்பெனி டப்பா இருந்தாத்தானே நான் அடைச்சு விக்க முடியும்? எல்லா மெக்கானிக்கும் காலி டப்பாவை எடைக்குப் போடறான். இவன் மட்டும் கஸ்டமர் கண்ணு முன்னாலயே டப்பா அடில ஸ்க்ரூ டிரைவரை எறக்கி ஓட்டை போடறான். சங்கத்துல பேசி இன்னும் பத்துப் பேரையும் கெடுத்து வெச்சிருக்கான்."

"ஹவ், ஆமாக்கா, இவ குடுக்கிற நற்சான்றிதழுக்கு ஃபிரேம் போடணும்" என்றான் ரூஃபஸ் மெதுவாக.

பகவதி கைப்பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தாள். நின்றுபோன இஞ்சினிலிருந்து, போல்ட்டைத் தொடாமல், அளவுகோல் குழாய் வழியே உறிஞ்சி எடுத்தது. பழைய சிநேகிதரான இன்சூரன்ஸ் சர்வேயர் கொடுத்தது. "இது என்னன்னு பாருங்க."

கனகவல்லி இரண்டு துளியை விரலில் விட்டு உரசினாள், இழுத்தாள், முகர்ந்தாள், பிறகு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினாள். பகவதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உலகத்தில் எத்தனையோ தொழில் இருக்க இப்படியும் ஒரு நாக்கா என்றிருந்தது அவளுக்கு.

"என் சரக்கு இல்ல. என் சரக்கு இவ்வளவு நல்லா இருக்காது" என்றாள் கனகவல்லி கொஞ்சமும் கூச்சமில்லாமல். "இரும்புத்தூள் மினுக்குது, அது இஞ்சின் செத்த தூள். ஆனா எண்ணெய் ஒரிஜினல். கம்பெனி எண்ணெய்."

"அப்புறம் என்னத்துக்கு ஒரு டர்போ காரோட இஞ்சின் நிக்கணும்?"

"எண்ணெய் நல்லது, எடம் தப்பு. தண்ணியாட்டம் ஓடுது பாருங்க. இது ஆபீஸுக்குப் போயிட்டு வர்ற சின்ன காருக்கு ஊத்தறது. டர்போ வெச்சுச் சூடேறற வண்டிக்குக் கெட்டியா நிக்கற எண்ணெய் வேணும். டப்பால ரெண்டு நம்பர் போட்டிருப்பான். பின்னால வர்ற நம்பர்தான் சூட்டுல எவ்வளவு கெட்டியா நிக்கும்னு சொல்றது. அந்த வண்டிக்கு அம்பது வேணும்னா இது வெறும் இருபது."

"அப்படி யாராவது தெரிஞ்சே ஊத்துவாங்களா?"

"ரேஸ் விடற பைத்தியங்க ஊத்தும். மெல்லிசா இருந்தா இஞ்சின் லேசா சுத்துமாம், கண்ணிமைக்கற நேரம் முந்திப் போகலாமாம். ஒரு தடவை ஓட்டிட்டு உடனே மாத்திடுவாங்க. மாத்தறதுக்குள்ள செத்தா செத்ததுதான்."

வெளியே வந்ததும் பகவதி தண்ணீர் பாட்டிலைத் திறந்து இரண்டு முறை வாய் கொப்பளித்தாள். நாக்கில் வைத்தது கனகவல்லி; கசந்தது பகவதிக்கு.

"அக்கா, போலி எண்ணெய்னு தேடி வந்தோம். போலி இல்லைன்னு போலியே சொல்லிடுச்சு" என்றான் ரூஃபஸ். "இப்ப என்ன? ஆலன் தப்பான நம்பரை எடுத்து ஊத்திட்டானா?"

"அதை அவன் ஷெட்ல போய்க் கேப்போம். வண்டியை எடு."

சனத்நகரில் ஆலனின் ஷெட் பாதி ஷட்டர் இறக்கிக் கிடந்தது. உள்ளே அவன் மனைவி பிளெசி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கணக்கு, பில், போன் எல்லாம் அவள் பொறுப்பு. முந்தின நாள் உடுத்திய சுடிதாரையே இன்னும் உடுத்தியிருந்தாள். வெங்கட்டின் ஆட்கள் என்று தெரிந்ததும் எழுந்து நின்றாள்.

"இன்னும் என்ன வேணும் உங்களுக்கு? நாலு மணிக்கு ஜெயிலுக்கு அனுப்பறாங்க. போதாதா?"

"பிளெசி, நான் ரூஃபஸ். கிறிஸ்மஸ் கொயர்ல ஆலனுக்குப் பக்கத்துல நின்னு தப்புத் தப்பாப் பாடுவேனே" என்றான் ரூஃபஸ்.

"தெரியுது. இங்கயும் தப்பான பக்கத்துலதான் நிக்கறீங்க."

பகவதி குறுக்கே வந்தாள். "உங்க புருஷன் ஊத்தின டப்பா இருக்கா?"

பிளெசி அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு சாக்கை இழுத்துக் கொட்டினாள். ஏழு ஒரு லிட்டர் டப்பாக்கள். ஏழிலும் அடியில் ஓட்டை. ஏழின் மேலும் வண்டி எண்ணும் தேதியும் எழுதியிருந்தது. பின் நம்பர் ஐம்பது.

"இதைப் போலீஸ்ல காட்டலையா?"

"காட்டினேன் மேடம். காலி டப்பாவை எங்கிருந்து வேணா பொறுக்கலாம்னு உங்க கிளையன்ட் சொன்னாரு. உள்ள இருந்ததைக் காட்டுன்னாரு. உள்ள இருந்தது வண்டிக்குள்ள போச்சு, நான் எங்க போய்க் காட்ட?"

பகவதி ஒரு டப்பாவைக் கைக்குட்டையால் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். அப்போதுதான் பிளெசியின் விரல்கள் கண்ணில் பட்டன. நகங்களில் பூச்சு இல்லை. ஆனால் பக்கத்து மேசையில் ஸ்பேனர்களுக்கு நடுவே ரோஸ் நிற நகப்பூச்சு பாட்டில் ஒன்று.

"இது?"

"என்னோடது. கல்யாணத்துக்கு வாங்கினது. அவர்தான் எடுத்துக்கிட்டாரு. எண்ணெய் வடிக்கிற போல்ட்டை முறுக்கினதும் போல்ட்டு மேலயும் இஞ்சின் தட்டு மேலயும் சேர்த்து ஒரே கோடா இழுத்துடுவாரு. அப்பதான் போல்ட் லூஸாச்சுன்னா கோடு விலகித் தெரியும்னு."

பகவதி போனை எடுத்தாள். வழக்கை எடுத்த முதல் நாள், போலீஸ் யார்டில் காரின் அடியில் படுத்து, தலைமுடியெல்லாம் சேறாகி, முனகிக்கொண்டே எடுத்த போட்டோக்கள். நான்காவது படத்தைப் பெரிதாக்கினாள். தட்டின் மேல் ரோஸ் கோடு மேலே பார்த்து நின்றது. போல்ட்டின் மேலிருந்த கோடு பக்கவாட்டில் திரும்பியிருந்தது.

"போல்ட்டு லூஸாகி இருக்கு" என்றான் ரூஃபஸ்.

"லூஸாகலலே. நான் கையால திருகிப் பாத்தேன், கல்லு மாதிரி இறுகியிருந்துது. யாரோ திறந்து மறுபடி இறுக்கியிருக்கான். வெள்ளிக்கிழமைக்கும் ஞாயித்துக்கிழமைக்கும் நடுவுல."

பிளெசி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் வரும் போலிருந்தது, வரவில்லை. "இது போதுமா மேடம்?"

"போதாது. கோட்டை எப்ப போட்டீங்கன்னு கேப்பாங்க. நாம கேள்வியையே தப்பாக் கேட்டுட்டு இருந்தோம். தப்பான எண்ணெய் எங்கிருந்து வந்ததுன்னு அலைஞ்சோம். சரியான எண்ணெய் எங்க போச்சுன்னு கேட்டிருக்கணும். ஏழு லிட்டர்."

"ஆறரை" என்றாள் பிளெசி. "இஞ்சின் குடிக்கிறது ஆறரைதான். மிச்சம் அரை லிட்டரைத் தண்ணி பாட்டில்ல ஊத்தச் சொல்லி உங்க கிளையன்டே வாங்கிட்டுப் போயிட்டாரு. ரெண்டு கோடி வண்டி வெச்சிருக்கவர், டப்பா அடில ஒட்டியிருந்ததையும் சொட்டுச் சொட்டா வடியவிட்டு, பத்து நிமிஷம் நின்னு வாங்கிட்டுப் போனாரு."

பகவதி டப்பாவைக் கீழே வைத்தாள். ரூஃபஸ் அவள் முகத்தைப் பார்த்தான். அவளுக்கு ஒரு விஷயம் பிடிபட்டால் முகம் மலராது. கெட்டுப்போன பாலை முகர்ந்த மாதிரி சுருங்கும். இப்போது சுருங்கியது.

"கார் அந்த ரெண்டு நாளும் எங்க நின்னுதுன்னு வெங்கட் சொன்னாரு?"

"அவரோட பில்டிங் பேஸ்மென்ட்ல. பூட்டின கேட், கேமரா, வாட்ச்மேன். ஈ நுழையாதுன்னாரு" என்றவன் பாதியில் நிறுத்தினான். "அக்கா... ஈ நுழையாதுன்னா..."

"எச்சில் கையால காக்கா ஓட்டாதவன் ஆறரை லிட்டர் புது எண்ணெயைச் சாக்கடைல கொட்டுவானா? வாலே, கிளையன்ட் வீட்ல காபி குடிப்போம்."

கொண்டாப்பூரில் பதினான்காவது மாடி. லிஃப்டில் எலுமிச்சை வாசனை. பகவதிக்கு நாச்சாரத்துக்குப் பிறகு முதல் முறையாக மூச்சு ஒழுங்காக வந்தது. வெங்கட் வீட்டுக் கதவைத் திறந்ததும் அது மறுபடி நின்றது.

அந்த நாற்றம் இங்கேயும் இருந்தது. கொட்டகையில் இருந்த அளவுக்கு இல்லை. சந்தன ஊதுபத்திக்கு அடியில் ஒளிந்துகொண்டு மெலிதாக இருந்தது. தன் சேலையிலிருந்து வருகிறதோ என்று தலைப்பை முகர்ந்து பார்த்தாள். இல்லை.

"வாங்க மேடம், ரிப்போர்ட் ரெடிங்களா?" என்றார் வெங்கட். ஈரோட்டுப் பக்கத்துக்காரர், மரியாதையான பேச்சு, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. "நாலு மணிக்குள்ள ஸ்டேஷன்ல குடுத்துட்டா ரிமாண்ட் உறுதின்னு வக்கீல் சொன்னாருங்க. அந்தப் பொண்ணை நெனச்சா எனக்குத் தூக்கமே வர்றதில்லைங்க. ஆஸ்பத்திரிச் செலவு பூரா நான்தானே பாக்கறேன்."

ஹாலின் மூலையில் மர அலமாரிக்குள் பூஜை இடம். வெள்ளி விளக்கு ஒன்று எரிந்தது. எரிந்தது என்பதைவிடப் புகைந்தது என்பதே சரி. திரி சீறிச் சீறி அணையப் பார்த்தது. சாமி படத்தின் கண்ணாடி பாதிக்கு மேல் கரி.

வெங்கட்டின் மனைவி சுபாஸ்ரீ காபியோடு வந்தாள். பகவதி பார்ப்பதைப் பார்த்துவிட்டுச் சங்கடப்பட்டாள். "புகை ரொம்ப அடிக்குதுங்களா? மன்னிச்சுக்கங்க. எண்ணெய் சரியில்லீங்க."

"என்ன எண்ணெய்?"

"நல்லெண்ணெய்தானுங்க. ஊர்லிருந்து அத்தை செக்குல ஆட்டிக் குடுத்துவிடுவாங்க. எப்பவும் தங்கமா இருக்கும். இந்தத் தடவை ஒரு கேன் மட்டும் இப்படி நாறுது. வெளக்குக்குத்தான் ஊத்தறேன், வாயில வெக்க முடியுங்களா?"

"சுபா, அவங்க வேலையா வந்திருக்காங்க. உள்ள போ" என்றார் வெங்கட்.

"இருக்கட்டும்" என்றாள் பகவதி. "தூரக் கொட்டலையாம்மா?"

"இவரு மொத நாளே கொட்டச் சொன்னாருங்க. அஞ்சு லிட்டர், எப்படிங்க மனசு வரும்? ஆனா அத்தைக்குப் போன் போட்டு நல்லாக் கேட்டுட்டேன். வயசான காலத்துல மில்லுக்காரன்கிட்ட ஏமாந்தீங்களா, இல்ல மருமகளுக்கு இது போதும்னு அனுப்பினீங்களான்னு. பாவம், அழுதுட்டாங்க. தப்பாச் சொல்லிட்டேனோன்னு இருக்குதுங்க."

"அப்ப உங்க வீட்டுக்காரர் எங்க இருந்தாரு?"

"இங்கதான், இந்த சோபாவுலதான் உக்காந்திருந்தாரு."

பகவதி வெங்கட்டைப் பார்த்தாள். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவும் முடியாது. அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்குக் காபி வேண்டாம் என்றாகிவிட்டது. டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

"அந்தக் கேனை ஒரு தடவை பாக்கலாமா?"

"எதுக்குங்க? யுட்டிலிட்டில எல்லாம் கந்தரகோளமாக் கெடக்குது" என்று வெங்கட் எழுந்தார். அதற்குள் ரூஃபஸ் சமையலறை வாசலில் நின்றான்.

"கைக்கு சார், எதுக்கு டென்ஷன்? பேச்சிலர் நான். இதைவிடக் கேவலமான யுட்டிலிட்டி எங்கிட்ட இருக்கு."

துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன்கள் வரிசையாக இருந்தன. காலியானவற்றைக்கூட ஒன்றையும் எறியவில்லை. கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். எல்லாவற்றின் மேலும் நடுங்கும் கையெழுத்தில் 'நல்லெண்ணெய்' என்று எழுதியிருந்தது. விளக்குக்கு எடுத்த கேனில் முக்கால் இருந்தது. அதற்குப் பின்னால், சுவரை ஒட்டி, ஒன்றரை லிட்டர் அளவுக்கு எண்ணெயோடு இன்னொரு கேன்.

பகவதிக்கு எண்ணெய்ப் பிசுக்கு என்றாலே உடம்பு கூசும். இருந்தும் மூடியைத் திறந்து விரலை விட்டாள். தேன் நிறம். உரசினாள். கெட்டியாக, நழுவிக்கொண்டு, எள்ளின் வாசனை எட்டிக்கூடப் பார்க்காமல் இருந்தது. பின்னாலிருந்த கேனையும் திறந்தாள். அதேதான்.

"அஞ்சும் ஒண்ணரையும் ஆறரை" என்றான் ரூஃபஸ். கிண்டல் பண்ணக்கூட மறந்துவிட்டான்.

"உங்க அத்தை எண்ணெய்ல ஒரு குத்தமும் இல்லம்மா" என்றாள் பகவதி. "இது நல்லெண்ணெய்க் கேன்தான், உள்ள இருக்கிறது நல்லெண்ணெய் இல்ல. வெள்ளிக்கிழமை ஆலன் உங்க காருக்கு ஊத்தின எண்ணெய். சனிக்கிழமை உங்க வீட்டுக்காரர் பேஸ்மென்ட்ல அதை இந்தக் காலிக் கேன்ல வடிச்சிட்டு, மெல்லிசு எண்ணெயை ஊத்தியிருக்காரு. ஞாயித்துக்கிழமை காலைல யாரையோ முந்தணும்னு. ரேஸ் முடிஞ்சதும் திருப்பி ஊத்திக்கலாம்னு பத்திரமா எடுத்து வெச்சிருக்காரு. திருப்பி ஊத்தத்தான் இஞ்சின் மிச்சமில்ல."

சுபாஸ்ரீ கணவனைப் பார்த்தாள். "ஜிம்முக்குப் போனேன்னீங்க."

வெங்கட் சட்டைக் கையின் மடிப்பை நீவிவிட்டார். பேசியபோது குரலில் மரியாதை அப்படியே இருந்தது. அதுதான் பகவதிக்குக் குமட்டியது.

"ரேஸ் குரூப்ல எல்லாரும் சொன்னாங்க மேடம். இருபது நம்பர் ஊத்தினா அரை செகண்ட் கெடைக்கும்னு. நாலு கிலோமீட்டருக்கு ஒண்ணும் ஆகாதுன்னாங்க. ஆக்ஸிடென்ட்டுங்க அது. நான் உள்ள போனா என் வேலை, வீட்டு லோன், இவ, எல்லாம் போச்சு. அவன் மெக்கானிக்குத்தானுங்க? ரெண்டு மாசம் இருந்துட்டு வந்துடுவான். அவனுக்கு என்ன பெரிய பேரு கெட்டுடப் போகுது? வேணும்னா அவன் ஷெட்டை நானே பெருசு பண்ணித் தர்றேன். உங்களுக்கும் பேசினதைவிட..."

"நிறுத்தும்வே" என்றாள் பகவதி. கிளையன்டிடம் அவள் இப்படிப் பேசி ரூஃபஸ் கேட்டதில்லை. "நாச்சாரத்துல ஒருத்தி சாக்கடைக்கு மேல உக்காந்து திருட்டு எண்ணெய் காய்ச்சுதா. அவகூட என் சரக்கு மட்டம்னு ஒத்துக்கிட்டா."

வெங்கட் முகம் இறுகியது. "சரிங்க. கேன் என் வீட்டுது. நான் குடுக்கலைன்னா எடுத்துட்டுப் போக உங்களுக்கு அதிகாரம் இல்ல. நீங்க போலீஸோட திரும்பறதுக்குள்ள இது இங்க இருக்காது. எண்ணெய்ல பேரா எழுதியிருக்கு? என் வீட்ல என்ன எண்ணெய், எப்ப வந்துதுன்னு என் பொண்டாட்டிதான் சொல்லணும்."

மணி மூன்று ஐந்து. அவர் சொன்னது அத்தனையும் சரி என்பது பகவதிக்குத் தெரியும். இன்சூரன்ஸில் இருந்த காலத்தில் இந்த மாதிரி எத்தனை கேன்கள் கண் முன்னால் காணாமல் போயிருக்கின்றன. ஷெட்டில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் பிளெசிக்கு என்ன சொல்வது என்று யோசித்தாள்.

சுபாஸ்ரீ குனிந்து முக்கால் கேனின் மூடியை இறுக்கினாள். பின்னாலிருந்த கேனையும் எடுத்துக்கொண்டாள்.

"சுபா, அதை வெய்யி."

"அத்தை அழுதப்போ இங்கதான் உக்காந்து கேட்டுட்டிருந்தீங்க" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. "பெத்த அம்மாவுக்கே வாய் திறக்காத ஆளு, நாளைக்கு எனக்காகத் திறப்பீங்களா?" பகவதியின் பக்கம் திரும்பினாள். "கேனை நீங்க எடுக்க வேண்டாங்க. என் வீட்டு எண்ணெய், நானே கொண்டு வர்றேன்."

ரூஃபஸ் கார் டிக்கியைத் திறந்தான். அவள் இரண்டு கேனையும் மடியிலேயே வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் மூடி இறுக்காத கேன் கசிந்து அவள் சேலையில் பெரிய வட்டமாகப் பரவியது.

ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது மூன்று ஐம்பது. ஆலன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கோர்ட்டுக்கு அழைத்துப் போக வேன் வாசலில் தயாராக நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் நாகம்மாவுக்குத் தமிழ் தெரியாது. சுபாஸ்ரீக்குத் தெலுங்கு தெரியாது. ரூஃபஸ் நடுவில் நின்றுகொண்டான். பகவதி போட்டோவையும் கேன்களையும் மேசையில் வைத்து, விஷயத்தைத் தன் ஓட்டைத் தெலுங்கில் சொன்னாள். நாகம்மா முழுக்கக் கேட்டாள். பேனாவை எடுத்தாள்.

"இந்த எண்ணெய் உங்கள் வீட்டுடையதா?" ரூஃபஸ் கேட்டுச் சொன்னான்.

"ஆமாங்க. திங்கக்கிழமை காலைல நான்தான் கேனைத் திறந்தேன். ஆக்ஸிடென்ட் ஆன மறுநாள்."

"எத்தனை நாளாக விளக்கேற்றினீர்கள்?"

"இன்னியோட பதினோரு நாளுங்க."

நாகம்மா எழுதிக்கொண்டே கேட்டாள். அவள் தெலுங்கில் கேட்டதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "முதல் நாளே நாறியது, புகைந்தது என்கிறீர்கள். கணவரும் கொட்டச் சொன்னார் என்கிறீர்கள். பிறகும் ஏன் நிறுத்தவில்லை?"

சுபாஸ்ரீ சேலையில் படிந்த வட்டத்தைக் கையால் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க அது பெரிதானது.

"நிறுத்தக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேனுங்க. அந்தப் பொண்ணு பூர்ணா கண்ணு முழிக்கற வரைக்கும் ஒரு நாள்கூட வெளக்கு நிக்கக் கூடாதுன்னு. இது வண்டியில இருந்திருந்தா அவ இந்நேரம் நல்லா நடந்துட்டிருப்பா. அவளைக் காப்பாத்தியிருக்க வேண்டிய எண்ணெயை எடுத்து அவளுக்காக எரிச்சிட்டிருந்திருக்கேன்."

நாகம்மா தலையைத் தூக்கி ரூஃபஸைப் பார்த்தாள். அவன் வாயைத் திறந்தான். நாலு மொழி தெரிந்தவனுக்கு ஒரு மொழியும் வரவில்லை. பகவதிதான் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடிச் சொன்னாள்.

நாகம்மா எழுதி முடித்து, காகிதத்தைச் சுபாஸ்ரீ பக்கம் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினாள். வாசலில் நின்ற வேனை ஆலனுக்கு வேண்டாம், கொண்டாப்பூருக்கு எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொன்னாள்.